வட்டம் விழாத தட்டு

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
3 பிப்ரவரி 2025

செயலாளர் அவர்கள்,
ஆற்றங்கரை முருகன் ஆலயம்,
மேரு, கிள்ளான்.

ஐயா,

ஆலய அலுவலகத்துக்கு இரண்டு முறை போன் செய்தேன். இரண்டு முறையும், "எதுவா இருந்தாலும் எழுத்து மூலமா குடுங்க லா, கமிட்டியில வெச்சுப் பாக்கிறோம்" என்றார்கள். எழுத்து மூலமே கொடுக்கிறேன்.

நான் ஒரு பல்கலைக்கழகத்தின் கிருமி ஆய்வுக்கூடத்தில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். கிள்ளான் வட்டாரத்து ஆறுகளில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று எங்கள் குழு பார்த்துவருகிறது. உங்கள் ஆலயத்தின் பின்னால் ஓடும் ஆற்றில் மூன்று இடங்களில் தண்ணீர் எடுத்தோம். கோழிப்பண்ணைக்கு மேலே ஓர் இடம், பண்ணையின் கழிவு வாய்க்கால் வந்து சேரும் இடம், காவடி எடுப்பவர்கள் குளிக்கும் படித்துறை. பண்ணைக்கு மேலே தண்ணீர் பரவாயில்லை. மற்ற இரண்டு இடங்களிலும், எந்த மருந்தும் கேட்காதபோது மருத்துவமனையில் கடைசியாகக் கையில் எடுப்பார்களே, அந்த மருந்துக்கும் சாகாத கிருமிகள் இருக்கின்றன.

உடம்பில் காயமில்லாத ஒருவர் அந்தத் தண்ணீரில் கால் நனைத்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் பங்குனி உத்திரத்தன்று அங்கே முழுகி எழுந்த ஈர உடம்பில்தான் அலகும் கொக்கியும் குத்துகிறார்கள். இந்த வருடம் ஆற்றுக் குளியலை நிறுத்திவிட்டுக் குழாய்த் தண்ணீருக்கு ஏற்பாடு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லோகேஸ்வரி

பின்குறிப்பு: செயலாளர் யார் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். இந்த வருடம் செயலாளரே முதுகில் பதினாறு கொக்கி போடப் போகிறார் என்று செயலாளரின் அம்மா தனலெட்சுமி அத்தை சொன்னார். செயலாளருக்கு இனிப்பு நீர் வியாதி இருப்பதையும் அவர்தான் சொன்னார். கொக்கி குத்துகிறவரிடம் செயலாளர் அதைச் சொல்லியிருக்கிறாரா?


மேரு
12 பிப்ரவரி 2025

திருமதி/செல்வி லோகேஸ்வரி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் 9.2.2025 அன்று கூடிய நிர்வாகக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. ஆற்று நீராடல் ஆலயத்தின் தொன்றுதொட்ட வழக்கம் என்பதால் தங்கள் கோரிக்கை ஏற்கப்படவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

விமலன்
செயலாளர்

கமிட்டியின் பேப்பர் அதோடு முடிந்தது. இனி வருவது என் சொந்தப் பேப்பர்.

லோகா, உன் தைரியத்தைப் பாராட்ட வேண்டும். பதினொரு வருடமாக ஒரு வார்த்தை இல்லை. கிள்ளானில் மண்டபம் பிடித்து, வரிசைத் தட்டெல்லாம் பரப்பி வைத்து, இரு பக்கத்துச் சொந்தமும் உட்கார்ந்திருக்க, "எனக்கு இஷ்டமில்லை" என்று எழுந்து போனவள் நீ. மாமன் மகள் என்று உன்னை நம்பிப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். அதற்குப் பிறகு நீ எழுதுகிற முதல் கடிதம் கோழிக் கழிவைப் பற்றி.

கடிதம் வாசித்தபோது கமிட்டியில் ஒரே சிரிப்பு. "படிச்ச பொண்ணு லா, ஆத்துல குளிச்சா செத்துருவோம்னு சொல்லுது" என்றார் சுகுமாறன் அண்ணன். எங்கள் தலைவர் அவர். முப்பத்தோரு தடவை அந்த ஆற்றில் முழுகியவர். ஆள் இன்னும் இரும்பு மாதிரி இருக்கிறார். எல்லா வருடமும் போல இந்த வருடமும் உத்திரத்துக்கு மூன்று வாரம் முன்னால் மணல் மூட்டை அடுக்கி ஆற்றைத் தேக்குவோம், இடுப்பளவுக்கு நிற்கும், முழுகுவோம். மேலே பண்ணை வைத்திருக்கும் நாகப்பன் வருடா வருடம் நம் கோயிலில் அன்னதானம் போடுகிற மனிதர். அவரை ஒரு கடிதத்தில் குற்றவாளி ஆக்கிவிட்டாய்.

என் சர்க்கரை என் பாடு. போன வருடம் என் மகள் நித்யா நுரையீரல் முழுக்கச் சளி கட்டி மருத்துவமனையில் பதினோரு நாள் கிடந்தாள். ஏழு வயதுப் பிள்ளை. நான் நடைபாதையில் நின்று வேண்டிக்கொண்டேன். அவள் எழுந்து வந்தாள். வேண்டினதைக் கொடுக்காமல் இருக்க நான் என்ன நீயா?

விமலன்


பிரிக்பீல்ட்ஸ்
17 பிப்ரவரி 2025

விமலன்,

'திருமதி/செல்வி' என்று இரண்டையும் போட்டிருந்தாய். செல்விதான். அடித்துவிடு.

போனில் பேசி முடித்துவிடலாம் என்று பார்த்தேன். 2014இல் நீ தடை செய்த என் நம்பர் இன்னும் தடையில்தான் இருக்கிறது. பரவாயில்லை. எனக்குக் கையெழுத்து நன்றாக வரும்.

கமிட்டி சிரித்தது என்கிறாய். சிரித்தவர்களுக்கு நான் தினமும் செய்கிற வேலையைச் சொல்லு. ஒரு வட்டத் தட்டில் கிருமியைப் பரப்பி, அதன் மேல் மருந்து ஊறிய ஆறு சின்னக் காகிதத் துண்டுகளை வைப்போம். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மருந்து. மறுநாள் எடுத்துப் பார்த்தால், மருந்து கேட்கிற கிருமியாக இருந்தால் காகிதத்தைச் சுற்றி எல்லாம் செத்து, துடைத்த மாதிரி ஒரு வட்டம் விழுந்திருக்கும். கேட்காத கிருமி காகிதத்தின் ஓரம் வரை வந்து நிற்கும். உங்கள் படித்துறைத் தண்ணீரில் எடுத்ததில் ஒரு தட்டில் ஒரு வட்டம்கூட விழவில்லை.

இந்த மாதிரித் தட்டை நான் முதலில் பார்த்தது ஆற்றுத் தண்ணீரில் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் செமினியிலிருந்து ஒரு பையனின் காயத்தில் எடுத்தது வந்தது. இருபத்தாறு வயது. வெள்ளத் தண்ணீரில் நடக்கும்போது சிங்க் தகடு காலில் கிழித்திருக்கிறது, அவ்வளவுதான். ஏழாம் நாள் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். நான் அவன் முகத்தைப் பார்த்ததில்லை. அவன் தட்டைத்தான் பார்த்தேன். அன்றிலிருந்து வெள்ளமோ ஆறோ எதைப் பார்த்தாலும் எனக்கு அந்தத் தட்டுதான் ஞாபகம் வருகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வு முடிந்து வெளியாகும் வரை யாரிடமும் முடிவுகளைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி. என் ஆய்வுக்கூடத் தலைவியிடம் கேட்டேன், கூடாது என்றார். அதற்குப் பிறகுதான் உனக்கு எழுதினேன். வேலை போனாலும் போகட்டும். அறிக்கை அச்சாகி வரும்போது நீ முழுகி எழுந்து ஒரு வருடம் ஆகியிருக்கும்.

நீங்கள் ஏற்பாடு செய்யாவிட்டால் நான் செய்வேன். உத்திரத்தன்று காலையில் ஒரு தண்ணீர் லோரியைக் கொண்டுவந்து படித்துறைப் பக்கம் நிறுத்துவேன். குழாய் தண்ணீர் வராத நாளில் நம் தாமான் குடியிருப்புகளுக்கு வருமே, அந்த மாதிரி லோரி. காப்பார் சாலையில் லோரி வைத்திருக்கும் தவுக்கேயிடம் பேசியாகிவிட்டது.

நித்யா குணமானதில் சந்தோஷம். அவளைப் பற்றி இன்னொரு கடிதத்தில் எழுதுவேன்.

லோகேஸ்வரி


மேரு
22 மார்ச் 2025

லோகா,

ஒரு மாதமாகப் பதில் போடவில்லை. கோபத்தில் இருந்தேன், பிறகு வேலையில் இருந்தேன். இப்போது நல்ல செய்தியோடு எழுதுகிறேன். லோரியை ரத்து செய்துவிடு.

உன் இரண்டாவது கடிதத்தை நான் சந்திரகலாவிடம் படிக்கக் கொடுத்தேன். தப்பு செய்துவிட்டேன். என் மனைவி இப்போது உன் கட்சி. சாப்பாடு போடும்போதுகூட வட்டம், தட்டு என்கிறாள். அவள் தொந்தரவு தாங்காமல் நேரே நாகப்பனிடம் போனேன். மனிதர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் ஒரு சத்தம் போடவில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, கிருமின்னா மருந்து போட்டாப் போச்சு. என்கிட்ட இல்லாத மருந்தா?" என்றார்.

நேற்று மணல் மூட்டை அடுக்கித் தண்ணீரைத் தேக்கினோம். உடனே அவர் கோழிகளுக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கிற மருந்துத் தூளை ஒரு மூட்டை அனுப்பிவிட்டார். வானிலை மாறும்போதெல்லாம் பண்ணையில் எல்லாக் கோழிக்கும் இதைத்தான் கொடுப்பாராம், ஒன்றுகூடத் தும்மாதாம். தினமும் காலை பூசை முடிந்ததும் இரண்டு குவளை. உத்திரம் வரைக்கும் போடப்போகிறோம். தூளைக் கரைத்து ஊற்றுகிற பொறுப்பு என்னுடையது. ஊற்றும்போது உன்னை நினைத்துக்கொண்டேன், நல்லபடியாகத்தான்.

ஆக, நீ சொன்னதையும் கேட்டோம், வழக்கத்தையும் விடவில்லை. இதற்கு மேல் ஒரு கோயில் கமிட்டியிடம் என்ன எதிர்பார்க்கிறாய்? சுகுமாறன் அண்ணன், உனக்கு ஒரு மாலை போட வேண்டும் என்கிறார்.

விமலன்


பிரிக்பீல்ட்ஸ்
29 மார்ச் 2025

விமலன்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. புதன்கிழமை லீவு போட்டுவிட்டு வந்தேன். நீ பார்த்தாய். நான் தேங்கிய தண்ணீரில் போத்தலை முக்கி எடுத்தபோது நீ குவளையும் கையுமாக அந்தப் பக்கம் நின்றாய். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் போத்தலை மூடிக்கொண்டு நடந்தேன். பேசியிருந்தால் அழுதிருப்பேன், அதுவும் கோபத்தில்.

நன்றாகக் கேள். அந்தத் தூள் நல்ல மருந்துதான். அதனால்தான் ஆபத்து. தண்ணீரில் இருந்த கிருமிகளில் அந்த மருந்துக்குச் சாகிறவை எல்லாம் செத்துவிட்டன. சாகாதவை மிச்சம். முன்பு அவை கூட்டத்தில் கொஞ்சம். இப்போது கூட்டமே அவைதான். ஓடுகிற ஆறாக இருந்திருந்தால் பாதி அடித்துக்கொண்டு போயிருக்கும், அதையும் மூட்டை அடுக்கி நிறுத்திவிட்டீர்கள். பண்ணையில் வருடக்கணக்கில் நடந்ததை நீங்கள் படித்துறையில் ஒரு வாரத்தில் செய்து முடித்திருக்கிறீர்கள். பிப்ரவரியில் பத்துத் தட்டில் ஒன்றில் வட்டம் விழவில்லை. இன்று காலை பார்த்தேன், பத்தில் ஏழு.

என் தப்பும் இதில் இருக்கிறது. மருந்துக்கு அடங்காத கிருமி என்று எழுதினேன். மருந்து போடாதீர்கள் என்று ஒரு வரி எழுதவில்லை. ஆற்றுக்கு மருந்து ஊற்ற ஒருத்தருக்குத் தோன்றும் என்று எனக்குத் தோன்றவில்லை. நம் வீடுகளில் இருமினால் பக்கத்து வீட்டில் மிச்சமான மாத்திரையை வாங்கி விழுங்குகிறவர்கள்தான் நாம். எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இப்போது எழுதுகிறேன். தூளை நிறுத்து. மணல் மூட்டையை எடு. மிச்சத் தூளை ஆற்றிலும் கொட்டாதே, மண்ணிலும் கொட்டாதே, கட்டி வை, நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்.

நான் சுற்றுச்சூழல் இலாகாவுக்குப் புகார் எழுதப்போகிறேன். பண்ணை, வாய்க்கால், தூள் எல்லாவற்றையும் சேர்த்து. உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, சொல்லிவிட்டுச் செய்கிறேன்.

லோகேஸ்வரி


மேரு
3 ஏப்ரல் 2025

லோகேஸ்வரி,

தூளை நிறுத்திவிட்டேன். மிச்சம் அலுவலக அலமாரியில் பூட்டியிருக்கிறது. மூட்டையை எடுக்க முடியவில்லை. கமிட்டி ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தப் பொண்ணு பேச்சைக் கேட்டு ஆட முடியுமா?" என்று கேட்டார் சுகுமாறன் அண்ணன். மாலை போட வேண்டும் என்று சொன்ன அதே வாய்தான்.

இப்போது நான் சொல்வதை நீ கேள். இலாகாவுக்கு எழுதுவேன் என்கிறாய். எழுதினால் யார் வருவார்கள்? பண்ணைக்கு மட்டுமா வருவார்கள்? கோயில் நிற்கிற நிலம் யார் பேரில் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். ஆற்றோர ரிசர்வ், அரசாங்க நிலம். எழுபது வருடமாக நிற்கிறோம், கையில் கிராண்ட், பட்டா எதுவும் இல்லை. ஆற்றைப் பார்க்க வருகிற அதிகாரி தலையைத் திருப்பினால் கோபுரம் தெரியும். "இது எப்போ கட்டினீங்க, பெர்மிட் எங்கே?" என்று ஒரு கேள்வி கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. இத்தனை வருடம் எந்த இலாகாவிடமும் வாயைத் திறக்காமல் இருந்ததால்தான் கோயில் இருக்கிறது. நீ பிரிக்பீல்ட்ஸில் உட்கார்ந்து ஒரு பேப்பரில் அதை எடுத்துவிடுவாய்.

அதனால் சொல்கிறேன். லோரி கொண்டு வா, கேட்டைத் திறந்துவிடுகிறேன். மக்கள் எங்கே குளிப்பதென்று அவர்களே முடிவு செய்யட்டும். ஆனால் புகார் எழுதாதே. நான் அந்த ஆற்றில்தான் முழுகுவேன், முதல் ஆளாக. வந்து நின்று பார்.

விமலன்


பிரிக்பீல்ட்ஸ்
6 ஏப்ரல் 2025

விமலன்,

நிலத்தைப் பற்றி நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். உத்திரம் முடியும் வரை புகார் அனுப்ப மாட்டேன். எழுதி வைத்திருக்கிறேன், அனுப்பவில்லை. பயத்தில் இல்லை, அந்தக் கோயிலில்தான் எனக்கும் காது குத்தினார்கள்.

நித்யாவைப் பற்றி எழுதுவேன் என்று சொன்னேன். அவள் மருத்துவமனையில் இருந்தபோது அத்தை தினமும் எனக்குப் போன் செய்தார், உனக்குத் தெரியாது. முதல் மருந்து கேட்கவில்லை. இரண்டாவது கேட்கவில்லை. ஐந்தாம் நாள் மாற்றிய மூன்றாவது மருந்து கேட்டது. நீ நடைபாதையில் நின்று வேண்டிக்கொண்ட நாள் எது என்று எண்ணிப் பார். முருகன்தான் காப்பாற்றினான் என்று நீ சொல்லு, நான் மறுக்கவே மாட்டேன். அவன் அனுப்பியது அந்த மருந்து. நீ நன்றி சொல்ல முழுகப் போகிற ஆற்றில், அந்த மருந்தைத்தான் நாம் எல்லோரும் சேர்ந்து வேலைக்கு ஆகாமல் செய்துகொண்டிருக்கிறோம். அடுத்து ஒரு பிள்ளைக்குச் சளி கட்டினால் மூன்றாவது மருந்தும் கேட்காது.

வேண்டுதலை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. காவடி எடு. கொக்கி போடு. லோரித் தண்ணீரில் குளித்துவிட்டுப் போடு. குழாயில் வந்தால் முருகன் வேண்டாம் என்றா சொல்வான்?

லோகேஸ்வரி


பிரிக்பீல்ட்ஸ்
13 ஏப்ரல் 2025

விமலன்,

இரண்டு நாளாக உன்னைத் திட்டிக்கொண்டே இருக்கிறேன். எழுதினால் குறையும் என்று எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்கு லோரியை நிறுத்தினோம். டிரைவர் ஜீவன் பைப்பை மாட்டியதும் உங்கள் ஆட்கள் நாலு பேர் வந்து, "அக்கா, வெளிய எடுங்க லா, சாமி குத்தமாயிடும்" என்றார்கள். ஒருத்தரும் கிட்டே வரவில்லை. அரை மணி நேரம் நான் வாளியோடு தனியாக நின்றேன். வரிசைத் தட்டு வைத்த மண்டபத்தில்கூட எனக்கு அவ்வளவு வெட்கமாக இல்லை. பிறகு சந்திரகலா வந்தாள். மஞ்சள் சேலை, தலையில் கட்டிய துணி, கையில் பால்குடம், நித்யா பக்கத்தில். உன் முகத்தைக்கூடப் பார்க்காமல், "ஊத்துங்க அக்கா" என்றாள். முதல் வாளியை அவள் தலையில் ஊற்றினேன். அதற்குப் பிறகும் பாதிப் பேர் ஆற்றுப் பக்கம்தான் நின்றார்கள்.

அப்போது நீ செய்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. படியில் நின்று திரும்பி, காவடிக்காரர்கள் எல்லோரையும் பார்த்து, "எல்லாரும் லோரிக்குப் போங்க. செயலாளரா சொல்றேன், ஒருத்தரும் இறங்கக் கூடாது" என்றாய். சுகுமாறன் அண்ணன்கூட வாயை மூடிக்கொண்டு வரிசையில் வந்து நின்றார். எனக்கு உயிர் வந்தது. நீயும் வருகிறாய் என்று அடுத்த வாளியைத் தூக்கினேன். நீ என்னைப் பார்த்துக்கொண்டே இறங்கினாய். மூன்று தடவை முழுகினாய். தனியாக.

அப்படியென்றால் நான் சொன்னதை நீ நம்பியிருக்கிறாய். நம்பிவிட்டு இறங்கியிருக்கிறாய். நம்பாமல் இறங்கியிருந்தால் முட்டாள் என்று விட்டிருப்பேன்.

முதுகில் எந்த இடமாவது சிவந்தாலோ சூடாக இருந்தாலோ நேரே மருத்துவமனைக்குப் போ. ஆற்றில் இறங்கியதையும் தூளையும் சர்க்கரையையும் டாக்டரிடம் சொல். பார்மசியில் மாத்திரை வாங்கி விழுங்காதே. பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை, இதைச் செய்.

லோகேஸ்வரி


கிள்ளான், மருத்துவமனை
18 மே 2025

லோகா,

கையெழுத்து கோணலாக இருக்கும். மல்லாந்து படுக்க முடியாது, ஒருக்களித்து எழுதுகிறேன்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்தது. நீ சொன்ன மாதிரி நேரே இங்கே வந்தேன், எல்லாவற்றையும் சொன்னேன். பதினாறு கொக்கியில் நாலு இடம் பழுத்துவிட்டது. இரண்டு தடவை அறுத்தார்கள். முதுகில் ஒரு கைப்பிடி சதை இப்போது இல்லை. சின்ன வயது டாக்டர் ஒருத்தி, மலாய்க்காரப் பெண், தட்டைப் போனில் படம் எடுத்து வந்து காட்டினாள். ஆறு காகிதம். ஒரு வட்டமும் இல்லை. "என் சொந்தக்காரப் பெண்ணிடம் இந்தப் படம் ஏற்கெனவே இருக்கிறது" என்று அவளிடம் சொன்னேன். சுரம் ஏறிப் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டாள்.

பிறகு பழைய மருந்து ஒன்றைத் தேடி எடுத்தார்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால் சாதாரணமாக யாருக்கும் கொடுப்பதில்லையாம். அது கேட்டது. சிறுநீரகம் எவ்வளவு மிச்சம் என்று இனிமேல்தான் தெரியும். பிழைத்துவிட்டேன் என்று சொல்கிறார்கள்.

நம்பிவிட்டு இறங்கினேன் என்று திட்டினாய். செயலாளராக நம்பினேன், அதனால் மற்றவர்களை அனுப்பினேன். வேண்டிக்கொண்டவனாக இறங்கினேன். இதைத்தான் எல்லோரிடமும் சொல்கிறேன். உன்னிடம் மட்டும் முழுசாகச் சொல்கிறேன். ஒரு தடவை ஒரு சபை நிறைய ஆட்களுக்கு முன்னால் நீ சொன்னதைக் கேட்டுத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். நீ வாளியோடு நின்றபோது எனக்கு அந்த மண்டபம்தான் தெரிந்தது. இன்னொரு தடவை எல்லோர் முன்னாலும் உன்னிடம் தோற்க என்னால் முடியவில்லை. இதற்காக ஒரு கைப்பிடி சதை. சந்திரகலாவிடம் சொல்லாதே.

இத்தோடு இரண்டு தாள் இருக்கிறது. ஒன்று, என் காயத்தில் எடுத்த கிருமியை உன் ஆற்றுக் கிருமியோடு ஒப்பிட்டுப் பார்க்க என் சம்மதம். கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இன்னொன்று புகார். உன்னுடையது வேண்டாம், இது கோயிலுடையது. சுற்றுச்சூழல் இலாகாவுக்கும் கால்நடை இலாகாவுக்கும். பண்ணை வாய்க்காலை எழுதியிருக்கிறேன். தேங்கிய தண்ணீரில் பத்து நாளுக்கு மேல் மருந்துத் தூள் ஊற்றியது செயலாளர் விமலன் என்று என் பேரையும் எழுதியிருக்கிறேன். கமிட்டியைக் கட்டிலைச் சுற்றி நிற்க வைத்துக் கூட்டம் போட்டேன், நர்ஸ் கத்தினாள். "நெலத்தைக் கேட்டா என்ன செய்வ?" என்றார் சுகுமாறன் அண்ணன். "கேக்கட்டும்ணே. எழுபது வருஷமா ஒளிஞ்சு நின்னோம். ஒளிஞ்சு நின்னதுல ஆத்தை விட்டுட்டோம்" என்றேன். அவர் என் முதுகுக் கட்டைப் பார்த்தார். பிறகு பேனாவை வாங்கி முதல் கையெழுத்து போட்டார். நாகப்பன் இனி அன்னதானம் இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். சுட்ட அப்பளமும் சோறுமாகப் போட்டாலும் நாங்களே போட்டுக்கொள்வோம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், நீ ஜெயித்துவிட்டதாக நினைக்காதே. அந்த ஆற்றில் இறங்கியது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அதை அந்த நிலைமைக்கு விட்டதுதான் தப்பு. அடுத்த வருடம் உத்திரத்துக்கு அதே படியில், அதே ஆற்றில்தான் இறங்குவேன். அதற்குள் அதைக் குளிக்கிற ஆறாக்க வேண்டியது இலாகாவின் பாடு, நாகப்பன் பாடு, என் பாடு, உன் பாடு.

உன் நம்பரைத் தடையிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் நீ எழுது.

விமலன்


பிரிக்பீல்ட்ஸ்
1 ஜூன் 2025

செயலாளர் அவர்கள்,
ஆற்றங்கரை முருகன் ஆலயம்,
மேரு.

ஐயா,

தங்கள் ஆலயத்தின் புகார் கிடைத்தது. அதில் என் கையெழுத்தையும் சேர்த்து, இரண்டு இலாகாக்களுக்கும் நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கியிருக்கிறேன். முத்திரை போட்ட நகலைக் கருவறைக்குப் பக்கத்தில் மாட்டிவைக்கவும்.

இரண்டு கிருமியும் ஒன்றுதான், விமலன். சந்தேகமே இல்லாமல் ஒன்று. என் தலைவி முடிவை இரண்டு தடவை படித்தார். பிறகு, விதியை மீறியதற்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் கொடுத்தார். என்னை ஆற்று ஆய்விலிருந்து எடுத்துவிட்டார்கள். விளக்கம் எழுதிக் கொடுத்தேன், நாலே வரி, மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. மறுநாள் அதே தலைவி, ஒரு பெட்டி காலிப் போத்தலை என் மேசை மேல் வைத்துவிட்டுப் போனார்.

இனி ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலையில் உங்கள் படித்துறைக்கு வந்து தண்ணீர் எடுப்பேன். இது அனுமதி கேட்கும் கடிதம் இல்லை. கேட்டைத் திறந்து வைக்கச் சொல்லும் கடிதம். முடிவைத் தமிழில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவேன், யாரும் கிழிக்கக் கூடாது.

அடுத்த உத்திரத்துக்கு இறங்குவேன் என்று எழுதியிருக்கிறாய். இறங்கு. மூன்று நாள் முன்னால் நான் தட்டு போட்டுப் பார்ப்பேன். வட்டம் விழுந்தால் நானே உனக்கு முதல் வாளியை அந்த ஆற்றிலிருந்து மொண்டு ஊற்றுகிறேன். விழவில்லை என்றால் விடியும் முன்பே வந்து கடைசிப் படியில் உட்கார்ந்துகொள்வேன். எத்தனை பேர் பார்த்தாலும் சரி, எத்தனை பேர் சாமி குத்தம் என்றாலும் சரி.

ஒரு சபையிலிருந்து எழுந்து போனவள் நான். இந்தப் படியிலிருந்து எழுந்திருக்க மாட்டேன்.

லோகா